மாசி வீதி உள்ள ஊருக்கு நவம்பர் வாரம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கோயிலுக்கு உள்ளே ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அதைத் தாண்டி ஆவணி மூல வீதி, அதற்கும் அப்பால் மாசி வீதி. தெருவுக்கே மாதத்தின் பெயரை வைத்த ஊர் மதுரை. எந்தத் திருவிழாவை எந்த மாதத்தில் வைப்பது என்பதை வெயில், மழை, வைகைத் தண்ணீர், அறுவடை எல்லாம் பார்த்து முடிவு செய்த ஊர். இப்படிப்பட்ட ஊரின் பழைய அரண்மனைகளில் நடக்கும் மரபு நிகழ்ச்சிகள் மட்டும் ஏப்ரல் 18 உலக மரபு நாள், மே 18 அருங்காட்சியக நாள், நவம்பர் 19 முதல் 25 வரை மரபு வாரம் என்று வெளியூர் நாட்காட்டியைப் பார்த்தே வைக்கப்படுகின்றன. இந்தத் தேதிகளை மாற்ற வேண்டும் என்பதும், மாற்றினால் எந்த மாதம் என்ன நடத்தலாம், எப்படி நடத்தலாம் என்பதும் இக்கடிதத்தின் செய்தி. கடிதம் நீளம்தான். விவரம் இல்லாமல் சொன்னால் பயன் இல்லை என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஏப்ரல் 18 என்பது பெரும்பாலும் சித்திரை 5. ஊர் முழுக்கச் சித்திரைத் திருவிழா வேலையில் இருக்கும். காவலர், துப்புரவுப் பணியாளர், பந்தல்காரர், ஜெனரேட்டர் வாடகைக்காரர் என்று யாரைக் கேட்டாலும் கொடியேற்றம், திருக்கல்யாணம், அழகர் ஆற்றில் இறங்குவது என்றுதான் பதில் வரும். மே 18 கத்திரி வெயிலின் நட்டநடு. காலை பத்து மணிக்கு முற்றத்துக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது. நவம்பர் மூன்றாம் வாரமோ வடகிழக்குப் பருவமழைக் காலம். சுண்ணாம்புச் சுவர் மழைநீரை உறிஞ்சி நிறைந்திருக்கும் நேரம் அது. ஈரம் ஏறிய காரை நகம் பட்டாலே உதிரும். அந்த வாரத்தில்தான் நூற்றுக்கணக்கான மாணவர்களைக் கொண்டுவந்து தூணோரம் உட்காரவைத்துப் பேச்சுப் போட்டி நடத்துகிறோம். கட்டடம் மிகவும் பலவீனமாக இருக்கும் வாரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் இதைவிடச் சரியாக அமையாது.

எங்களைப் போன்ற மரபு நடைக் குழுக்கள் பேசும் இடங்கள் மூன்று வகை. முதலாவது திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டப்பட்டது; இன்று நாம் காண்பது அன்றிருந்ததில் கால் பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பேரன் சொக்கநாத நாயக்கர் திருச்சிக்குப் பிரித்துக்கொண்டு போனதுபோக எஞ்சியதை, 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் காலத்தில் பழுதுபார்த்தார்கள். பிறகு நீண்ட காலம் நீதிமன்றங்கள் அங்கே இயங்கின. இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. இரண்டாவது, ராணி மங்கம்மாள் பெயரோடு சொல்லப்படும் தமுக்கம் அரண்மனை. 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, சுற்றுவட்டாரத்தில் தனியார் கையில் இருக்கும் ஜமீன் வீடுகள், பழைய சத்திரங்கள். மூன்றுக்கும் சட்டம் வேறு, பொறுப்பாளர் வேறு. ஆனால் மூன்றையும் கட்டிய பொருள் ஒன்றுதான்: செங்கல், சுண்ணாம்பு, மரம், கல். அதனால் மாதக் கணக்கும் ஒன்றுதான்.

தையில் தொடங்குவோம். பொங்கல் அன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் ஜல்லிக்கட்டு. அந்த வாரத்தில் எதையும் வைக்கக் கூடாது. வைத்தால் கூட்டமும் வராது, பாதுகாப்புக்கு ஆளும் வராது. தைப்பூசத்தை ஒட்டி வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் நடக்கும். அந்தக் குளத்தை 1645-இல் வெட்டியவரும் திருமலை நாயக்கர்தான். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்று ஊரில் சொல்வார்கள். தெப்பம் முடிந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாசி மாதம் முழுக்கச் சுண்ணாம்புக்கு உகந்த காலம். மழை நின்றிருக்கும், வெயில் ஏறியிருக்காது. கோடையில் பூசினால் காரை இறுகுவதற்கு முன் காய்ந்து வெடிக்கும். மழையில் பூசினால் இறுகாமலே கரையும். சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றில் உள்ள கரியமில வாயு வேண்டும். அந்த வாயு உள்ளே போய் வேலை செய்யக் கொஞ்சம் ஈரமும் வேண்டும். முழுக்கக் காய்ந்தாலும் நடக்காது, முழுக்க நனைந்தாலும் நடக்காது. இந்த நடுநிலையைத் தை, மாசி மாதங்கள் தாமாகவே தருகின்றன.

ஆகவே தை, மாசி நிகழ்ச்சி சுண்ணாம்புப் பட்டறையாக இருக்கட்டும். இங்கே முதல் எச்சரிக்கை: பாதுகாக்கப்பட்ட கட்டடத்தின் சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது. 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது, தடுப்பதும் சரிதான். முற்றத்துக்கு வெளியே, மரத்தடியில், ஒரு மீட்டர் உயரம் ஒரு மீட்டர் அகலத்தில் மூன்று செங்கல் சுவர்த் துண்டுகள் கட்டிக்கொண்டால் போதும். இரண்டில் சுண்ணாம்பு, ஒன்றில் சிமென்ட்.

இரண்டாவது எச்சரிக்கை, இதை ஒரே நாளில் காட்ட முயலக் கூடாது. பல இடங்களில் செய்வது அதுதான். கடையில் பொட்டலமாக விற்கும் சுண்ணாம்புத் தூளை வாங்கி, மணலோடு குழைத்து, பூசி, கைதட்டி, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பூச்சு உதிர்ந்ததும் ‘பழைய முறை நிற்காது, சிமென்ட்தான் சரி’ என்ற முடிவுக்குப் பார்த்தவர்கள் வந்துவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தில் நடத்திய நிகழ்ச்சி சிமென்டுக்கு விளம்பரமாகிவிடுகிறது. பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேவை.

முதல் ஞாயிறு, நீற்றுவது, அதாவது சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டு விழுதாக்குவது. 10 கிலோ கல்சுண்ணாம்பு, 30 லிட்டர் தண்ணீர், 100 லிட்டர் இரும்பு டிரம். பிளாஸ்டிக் டிரம் வேண்டாம், சூட்டில் நெளியும். தண்ணீரில் 20 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, நீளக் கைப்பிடி மண்வெட்டியால் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். வரிசை மாறி, கல்லை முதலில் கொட்டி அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். டிரம்மைச் சுற்றி இரண்டு மீட்டருக்குக் கயிறு கட்டி, உள்ளே கொத்தனாரும் உதவியாளரும் மட்டும் கண்ணாடியும் கையுறையும் போட்டு நிற்கட்டும். புகைப்படம் எடுப்பவர்தான் ஆவி பறக்கும்போது டிரம்முக்கு மேலே குனிவார். அவரைப் பிடித்து வைக்கவே ஓர் ஆள் வேண்டும். பக்கத்தில் 20 லிட்டர் கேன் இரண்டில் நல்ல தண்ணீர் தனியாக இருக்கட்டும். கண்ணில் பட்டால் கசக்காமல், இமையைத் திறந்து பிடித்து 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு நேராக மருத்துவமனை.

கொதி அடங்கியதும் மீதித் தண்ணீரைச் சேர்த்துக் கிளறி, கம்பி வலையில் சலித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி மூடி வைத்துவிட வேண்டும். நல்ல கல்லாக இருந்தால் சுமார் 20 லிட்டர் விழுது கிடைக்கும். சலிக்காமல் விட்டால் என்ன ஆகும்? நீறாத குருணைகள் விழுதுக்குள் தங்கி, பூசிய பிறகு சுவருக்குள்ளேயே நீறி உப்பி, சின்னச் சின்னப் பள்ளங்களாகப் பெயர்ந்து விழும். ஊறப் போடும் நாட்கள் கூடக்கூட விழுது வெண்ணெய் மாதிரி வரும். பதினைந்து நாள் குறைந்தபட்சம்.

இரண்டாவது ஞாயிறு, கலவை. முதலில் மணலைப் பாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் பாதிக்கு மணல், முக்கால் வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. குலுக்கி மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மணல் அடியில், வண்டல் அதன் மேலே தங்கும். வண்டலின் உயரம் மணலின் உயரத்தில் 8 சதவீதத்தைத் தாண்டினால் அந்த மணலை அலசாமல் பயன்படுத்தக் கூடாது. ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்; தூள் அதிகம் இருந்தால் பூச்சு வலை வலையாக வெடிக்கும். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்கக்கூடிய சோதனையும் இது ஒன்றுதான் என்பதால் பாட்டில்களை நிறையவே வைக்கலாம்.

அளவு, ஒரு பங்கு விழுதுக்கு மூன்று பங்கு மணல். ஒரு மீட்டர் சதுரத்தில் 10 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு பூச்சுக்கு 10 லிட்டர் மணலும் சுமார் மூன்றரை லிட்டர் விழுதும் ஆகும். விழுது மணலின் இடுக்கில் போய் நிரம்பிக்கொள்வதால் கலவையின் அளவு பெரிதாகக் கூடாது. இரண்டு சுவருக்கு இரண்டு பூச்சு என்றால் 14 லிட்டர் விழுது போகும், மீதி 6 லிட்டர் மேல்பூச்சுக்கு இருக்கும். கலக்கும்போது தண்ணீர் ஊற்றவே கூடாது. முதல் பத்து நிமிடம் கலவை வறட்டுப் புட்டு மாதிரி இருக்கும், ஊற்றத்தான் கை வரும். ஊற்றாமல் உலக்கையால் இடித்துக்கொண்டே இருந்தால் அரை மணியில் விழுதின் ஈரமே வெளிவந்து தோசை மாவுபோல் இளகும். அந்தக் காலத்தில் மாடு கட்டிச் சுற்றிய கல் ஆலை செய்த வேலை இதுதான். அவசரப்பட்டு ஊற்றிய தண்ணீர் காயும்போது இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகும், அந்த இடம் விரிசலாகும்.

கடுக்காய், வெல்லம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இடித்த கடுக்காயை வெல்லத்தோடு நீரில் ஊறவைத்து, நாள்கணக்கில் புளிக்கவிட்டு, வடிகட்டிய நீரைக் கலவையில் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம். கொத்தனாருக்குக் கொத்தனார் அளவு மாறும். கலவை கைக்கு நன்றாக வழங்குவதற்கும், சட்டென்று காய்ந்துவிடாமல் இருப்பதற்கும் அது உதவுகிறது. அளவு மீறினால் இறுகுவது தள்ளிப்போகும், எறும்பும் வரும். முட்டையின் வெள்ளைக்கருவைப் பளபளப்பான மேல்பூச்சில் மட்டும் சேர்ப்பார்கள். சுவர் முழுக்க முட்டை என்பது வழிகாட்டிகள் வளர்த்த கதை.

சுவரைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே பூச வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். கரணையால் எறிந்து, மட்டக்கோலால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து, அடுத்த பூச்சு பிடிப்பதற்காக குறுக்கும் நெடுக்கும் கீறிவிட வேண்டும். ஈரச் சாக்கு தொங்கவிட்டு ஐந்து நாள் காலையும் மாலையும் தெளிக்க வேண்டும். யார் தெளிப்பது என்பதை ஞாயிற்றுக்கிழமையே பெயர் எழுதி ஒப்படைக்காவிட்டால் திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள். நடுவில் ஒரு நாள் கொத்தனார் வந்து இரண்டாம் பூச்சை முடித்துவிடலாம்.

மூன்றாவது ஞாயிறு மேல்பூச்சு. விழுதும் சலித்த வெள்ளைக்கல் மாவும் சம பங்கு, கனம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். லேசாக இறுகத் தொடங்கும்போது கூழாங்கல்லால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். மகாலின் தூணில் கன்னம் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு எங்கிருந்து வந்தது என்பது அப்போது புரியும். முடித்ததும் மூன்று சுவரிலும் தண்ணீர் தெளித்துக் காட்டுங்கள். சுண்ணாம்பு குடித்துவிட்டுப் பிறகு மெல்ல வெளியே விடும். சிமென்ட் பூச்சில் தண்ணீர் வழிந்து ஓடும்; ஆனால் தரையிலிருந்து செங்கல் வழியாக ஏறும் ஈரம் அந்தப் பூச்சுக்குப் பின்னால் சிக்கி, பக்கத்தில் உள்ள பழைய காரை வழியே வெளியேறி, உப்புப் பூத்து, அதைப் பொரித்துத் தள்ளும். ஜமீன் வீடுகளில் அடிச்சுவரில் மூன்றடி உயரத்துக்குச் சிமென்ட் பூசியவர்கள், ஐந்தாம் அடியில் காரை விழுவதைப் பார்த்துவிட்டு அங்கும் சிமென்ட் பூசுகிறார்கள். அது மேலே மேலே ஏறுமே ஒழிய நிற்காது.

சித்திரை, வைகாசிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலை நடை மட்டும் போதும். ஆறு மணிக்கு மகால் வாசலில் தொடங்கி, ஜவுளிக்கடைச் சந்துக்குள் இருக்கும் பத்துத்தூண், விளக்குத்தூண், புதுமண்டபம், முடிக்கப்படாத ராயகோபுரம் என்று எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். கடை திறந்த பிறகு பத்துத்தூணின் அடியைப் பார்க்க முடியாது. மகாலின் அழிந்துபோன பகுதியான ரங்கவிலாசத்தின் மிச்சமான அந்தப் பத்துத் தூண்களும் மகாலை விட்டு இவ்வளவு தள்ளி நிற்பதைக் கால் நடந்து அளந்தால்தான் அரண்மனை எவ்வளவு பெரியது என்பது உறைக்கும். விளக்குத்தூணில் நின்றே, கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த கலெக்டர் பிளாக்பர்ன் பற்றியும், அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரால் அமைந்த பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி பற்றியும் சொல்லிவிடலாம். ஒரு வழிகாட்டிக்கு 25 பேர். அதற்கு மேல் போனால் ஒலிபெருக்கி கேட்பார்கள், தூங்குகிற தெரு திட்டும்.

ஆடிக்கு வருவோம். கூட்டம் சேராத மாதம் என்று இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கட்டடத்துக்கு மிகவும் தேவையான மாதம் இதுதான். ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடியும், மாடித் தண்ணீர் வெளியேறும் தூம்புகளும் சுத்தமாக வேண்டும், அதற்கு ஆடியும் ஆவணியும்தான் அவகாசம். சிறிய கணக்கு ஒன்று. 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் தண்ணீர். ஐந்து சென்டிமீட்டர் பெய்து, தூம்பு அடைத்துக்கொண்டால் 5,000 லிட்டர், அதாவது 5 டன் எடை, மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மாடியில் நிற்கும். சட்டத்தின் முனை சுவருக்குள் இருக்கும் இடம் நனைந்து இற்றுப்போவதும் இப்படித்தான். மாடி இடிந்த செய்தி வரும்போது ‘பழமையான கட்டடம்’ என்று எழுதுகிறோம். பல வீடுகளில் காரணம் வயது கிடையாது. தூம்பில் அடைத்த ஒரு பிடி வேப்பிலையும் புறா இறகும்தான்.

ஆடி நிகழ்ச்சியைத் ‘தூம்பு பார்க்கும் நாள்’ என்று வைக்கலாம். தனியார் வீடுகளில் உரிமையாளர் ஒப்புதலோடு மாடி ஏறலாம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் துறைப் பணியாளர் மேலே ஏறட்டும், ஆர்வலர்கள் கீழே தண்ணீர் விழும் இடத்தைக் கவனிக்கட்டும். ஒவ்வொரு தூம்பிலும் 15 லிட்டர் வாளியால் இரண்டு வாளி ஊற்றி, கீழே விழுந்து முடிய எத்தனை நொடி என்று குறிக்க வேண்டும். ஒரே அளவுள்ள தூம்புகளில் ஒன்று மட்டும் இரு மடங்கு நேரம் எடுத்தால் உள்ளே அடைப்பு. தண்ணீர் சுவரோடு ஒட்டி வழிந்தால் தூம்பின் வாய் உடைந்திருக்கிறது. அடைப்பைக் கம்பியால் குத்தக் கூடாது, பழைய சுடுமண் குழாய் உள்ளேயே உடைந்துவிடும். மூங்கில் பிளாச்சில் துணி சுற்றி இழுப்பதே போதும். மாடியில் ஒரே சமயத்தில் ஆறு பேருக்கு மேல் வேண்டாம், அவர்களும் சுவரோரமாகத் தள்ளித்தள்ளி நிற்கட்டும். ஒரு சதுர மீட்டருக்குள் நான்கு பேர் சேர்ந்து நின்றாலே 250 கிலோ.

அரசும் ஆலும் முளைத்திருப்பதைப் பார்த்ததும் பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் வரும். விரல் நீளக் கன்றாக இருந்தால் மட்டும் சுற்றியுள்ள காரையை நனைத்து மெல்ல எடுக்கலாம். பென்சில் கனத்தைத் தாண்டியிருந்தால் அறுத்து, அடிக்கட்டையைச் சாகடித்து, வேர் காய்ந்து சுருங்கிய பிறகே எடுத்து, அந்தப் பொந்தை அதே வாரத்தில் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். வெறுமனே வெட்டிவிட்டுப் போனால் ஐப்பசியில் ஒன்றுக்கு மூன்றாகத் துளிர்க்கும். எங்கெங்கே முளைத்திருக்கிறது என்று கீழிருந்தே படத்தில் குறிக்கிற வேலையைக் கல்லூரி மாணவர்கள் அழகாகச் செய்வார்கள். அந்தப் படமே பொறுப்பாளருக்குக் கொடுக்க வேண்டிய மனு.

ஆடிக்காற்றைப் பற்றி ஒரு சொல். முற்றத்தில் பந்தல்காலுக்குக் குழி தோண்டக் கூடாது. அடியில் பழைய வடிகால் இருக்கலாம், தளம் இருக்கலாம். தூணில் கயிறு கட்டவும் கூடாது. 200 லிட்டர் டிரம்மில் மணல் நிரப்பினால் 300 கிலோ வரும், அதில் சவுக்குக் கம்பை நட்டு அதோடு கட்டலாம். ஆனால் ஆடியில் பந்தலே போடாமல் இருப்பது மேல். பிளக்ஸ் தட்டி காற்றில் பாய்மரமாக மாறி, கட்டிய இடத்துச் சுதை வேலையைப் பெயர்த்துக்கொண்டு போகும். நடத்துகிறவர் பெயரைத் தெரிவிக்கத் தரையில் நிற்கும் சிறு பலகை போதாதா?

புரட்டாசியில் கொலு வைக்கலாம். மழை தொடங்கும் முன் உள்கூடத்தில் செய்யக்கூடிய நல்ல நிகழ்ச்சி அது. படியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வையுங்கள், சுவருக்குக் காற்று வேண்டும். கோலத்துக்கு அரிசி மாவு போதும். சாயப்பொடியும் காவியும் கல்தரையில் ஏறினால் போகாது.

கார்த்திகை விளக்குதான் எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது. ஆயிரம் அகல், படத்துக்கு அழகு, சமூக ஊடகத்தில் நல்ல பெயர். ஆனால் எண்ணெய் சுண்ணாம்பில் ஏறினால் திரும்பி வராது. கரி படிந்த சுதையைத் துடைத்தால் கரி உள்ளே போகும், சுதை வெளியே வரும். விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. தூணிலிருந்தும் சுவரிலிருந்தும் மூன்றடி தள்ளி, திறந்த முற்றத்தில் மட்டும், ஓரங்குலம் மணல் பரப்பிய தகரத் தட்டில் வைக்கலாம். அகலில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம், கைமாறும்போது சிந்துவது அந்த மேல் பாதிதான். படிக்கட்டிலும் தூணின் பீடத்திலும் ஒன்றுகூட வைக்கக் கூடாது. சிந்திவிட்டால் உடனே உலர்ந்த மணலைக் கொட்டி உறிஞ்சவிட வேண்டும். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தால் எண்ணெயோடு உப்பும் கல்லுக்குள் இறங்கும். மழை வரும் மாதம் என்பதால் அகலைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடுவார்கள் என்பதையும் முன்னமே யோசித்து, மழை வந்தால் விளக்கை அணைப்பது, உள்ளே கொண்டுபோவதில்லை என்று அறிவித்துவிட வேண்டும்.

தீ பற்றி இந்த ஊருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டாம். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். கருங்கல் எரியாது என்ற நம்பிக்கை அன்று போயிற்று. சூடேறிய கல்லின் மேற்பரப்பு ஒரு வேகத்தில் விரியும், உட்புறம் இன்னொரு வேகத்தில் விரியும். அதனால் பாளம் பாளமாகப் பெயரும். ஆகவே துணி அலங்காரம், காகிதத் தோரணம், தெர்மாகோல் வளைவு, பட்டாசு இவை மண்டபத்துக்குள் கூடாது. சமையல் வெளியே, ஜெனரேட்டர் மதிலுக்கு வெளியே. கட்டடத்தின் பழைய மின்கம்பியிலிருந்து ஒரு விளக்குக்குக்கூட மின்சாரம் எடுக்காமல், கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் கருவி பொருத்திய தனிப் பலகை வேண்டும். ஹாலஜன் விளக்கைத் தூணுக்கு அருகே வைத்தால் ஒரு பக்கம் மட்டும் சூடேறும், எல்.இ.டி. போதும், அதுவும் தரையில் நிற்கும் தாங்கியில்.

இசை நிகழ்ச்சிக்கும் இதையொட்டியே ஒரு சோதனை உண்டு. விரல் கணுவால் பூச்சை மெல்லத் தட்டினால் கெட்டியான இடம் ‘டக்’ என்னும், சுவரை விட்டு விலகி நிற்கும் இடம் பானைபோல் ஒலிக்கும். இப்படி ஒலிக்கும் இடங்களுக்குக் கீழே நாற்காலி போடக் கூடாது, எதிரே பெரிய ஸ்பீக்கரும் வைக்கக் கூடாது. மகாலின் நாடகசாலை போன்ற கூடத்தில் வீணைக்கும் நாதஸ்வரத்துக்கும் ஒலிபெருக்கியே தேவைப்படாது. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்தே விதி.

ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னும் பின்னும் ஒரே இடங்களை ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்துத் தேதியோடு வைக்க வேண்டும். 20 இடம் போதும். தூணில் புதிதாக யாராவது பெயர் கீறியிருந்தால் எந்த நிகழ்ச்சியில் என்று அப்போதுதான் தெரியும். விரிசல் இருக்கும் தனியார் வீடுகளில், மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே இரு முனையிலும் சுண்ணாம்பு விழுதால் ஒட்டி, தேதி எழுதி வைக்கலாம். அடுத்த மாதம் கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, பொறியாளரை அழைக்க வேண்டும். முழுதாக இருந்தால் அது பழைய விரிசல். நுழைவுச் சீட்டு வைத்தால் அதில் பாதியை அதே கட்டடத்தின் பராமரிப்புக்கு என்று எழுதி, ஆடி வேலைக்குச் செலவழித்த கணக்கை அடுத்த தையில் வாசலில் ஒட்டலாம். பரிசுக் கோப்பைக்கும் சால்வைக்கும் ஆகிற பணத்தில் எத்தனையோ தூம்புகளை மாற்றிவிடலாம்.

தங்கள் இதழ் வழியாகத் துறையினரையும், கல்லூரிகளையும், எங்களைப் போன்ற குழுக்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். ஏப்ரல், நவம்பர் நாட்களில் உள்ளரங்கில் ஓர் உரை, ஒரு படக்காட்சி நடக்கட்டும். கட்டடத்துக்குள் கூட்டம் சேர்க்கும் நிகழ்ச்சிகள் தை, மாசிக்கும் புரட்டாசிக்கும் மாறட்டும், ஆடி முழுக்க மராமத்துக்கு இருக்கட்டும். தைப் பட்டறைக்கு ஆவணியிலேயே அனுமதி கேட்டு எழுத வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் குறைவு, அவர்களுக்கும் அப்போதே முன்பணம் கொடுத்து நாளைப் பிடித்துவிட வேண்டும். கல்சுண்ணாம்பை மட்டும் முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள். காற்றில் உள்ள ஈரத்திலேயே அது நீறித் தூளாகிவிடும். நீற்றும் ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்னால், சூளையிலிருந்து நேராக, மூடியுள்ள டிரம்மில் வரட்டும்.

இப்படிக்கு,
மரபு நடைக் குழுவினர்,
மதுரை.